கேட்பது ஒரு நிமிடம், சுமப்பது பல வருடம்

இந்த முறை எல்லாக் கேள்விகளும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் பற்றியவை. எழுதியவர்களில் பாதிப் பேர் கோபமாக இருக்கிறார்கள். கோபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அது போய்ச் சேரும் விலாசம் பல நேரம் தப்பு.

கே: ஒரு நல்ல வசதியைச் சேர்க்கச் சொல்லி ஒரு பக்கத்துக்கு எழுதினேன். 'இது எங்கள் திட்டத்தில் இல்லை' என்று மெயின்டெய்னர் ஒரே வரியில் மூடிவிட்டார். பயனரை மதிக்கத் தெரியாதவர் எதற்கு மென்பொருள் எழுத வேண்டும்?
— ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: உங்கள் ஒரு பக்கத்தைப் படித்து, யோசித்து, 'இல்லை' என்று சொல்லியிருக்கிறார். பதிலே சொல்லாமல் இரண்டு வருடம் காக்க வைத்திருந்தால் உங்கள் கோபம் நியாயம். லினக்ஸின் தொடக்கத்தையே பாருங்கள். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக அறிவித்தார். என்னென்ன வசதி வேண்டும், சொல்லுங்கள் என்று கேட்டார். சொன்னதைச் செய்வேன் என்று வாக்குத் தர மாட்டேன் என்பதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொண்டார். லினக்ஸ் பிறந்ததே அந்த நிபந்தனையோடுதான். வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவரிடம் மோர் கிடைக்குமா என்று தாராளமாகக் கேட்கலாம். இல்லை என்றால் அவருக்கு மரியாதை தெரியவில்லை என்று ஆகிவிடாது.

கே: ஓப்பன் சோர்ஸ் என்றால் இலவசம் என்று மட்டும் தெரியும். இந்த மெயின்டெய்னர் என்பவர் யார்? அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?
— பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்

ப: இலவசம் என்பது அதில் சின்னப் பகுதி. மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பகிரலாம். உலகெங்கும் இருந்து வருகிற திருத்தங்களைச் சோதித்து, எது உள்ளே, எது வெளியே என்று முடிவெடுத்து, புதுப் பதிப்பு வெளியிட்டு, ஆபத்து வந்தால் நடு ராத்திரியில் எழுந்து உட்காருகிறவர்தான் மெயின்டெய்னர்.

சம்பளத்தைப் பொறுத்தவரை ஒரே பதில் இல்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேருக்கு இன்டெல், கூகுள், ரெட் ஹேட் போன்ற நிறுவனங்கள் சம்பளம் கொடுக்கின்றன. ஆனால் நீங்கள் பெயரே கேள்விப்படாத ஆயிரக்கணக்கான சின்ன நூலகங்களுக்கு, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளுக்கு, அப்படி யாரும் இல்லை. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது உலகம் ஒன்றைத் தெரிந்துகொண்டு அதிர்ந்தது. வங்கிகள் உட்பட இணையத்தின் பெரும்பகுதி தன் ரகசியங்களைக் காக்க நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு வருடத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது. முழு நேரமாக அதில் உட்கார்ந்திருந்தவர் ஒருவர். அதற்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் போட முன்வந்தன.

கே: நான் கேட்டது பெரிய விஷயமே இல்லை. முப்பது வரி கோட். நானே எழுதியும் அனுப்பிவிட்டேன். வாங்கிச் சேர்ப்பதில் என்ன நஷ்டம்?
— ஃப்ரீலான்ஸ் புரோகிராமர், மதுரை

ப: நீங்கள் அனுப்பியதோடு உங்கள் வேலை முடிந்தது. அவருடைய வேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அடுத்த பதிப்பில் அந்த முப்பது வரி உடையக் கூடாது. விண்டோஸிலும் மேக்கிலும் ஓட வேண்டும். அதற்கு விளக்கம் எழுத வேண்டும். வேலை செய்யவில்லை என்று வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை உள்ளே விட்ட வசதியை வெளியே எடுப்பது, சேர்ப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். அதற்குள் யாரோ அதை நம்பி ஒரு தொழிலையே நடத்திக்கொண்டிருப்பார்கள்.

லாக்4ஜே கதையைக் கேளுங்கள். ஜாவாவில் எழுதிய சர்வர் மென்பொருள்கள் தங்களுக்குள் நடப்பதைக் குறித்து வைக்க உதவும் நூலகம் அது. அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். குறித்துவைக்கும் வரிக்குள்ளிருந்தே ஜேஎன்டிஐ என்ற ஜாவா வசதியின் வழியாக வெளியிலிருக்கும் விவரங்களைத் தேடி எடுக்க முடிந்தால் சௌகரியமாக இருக்கும் என்று 2013-இல் ஒரு பயனர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் அதற்கான நிரல் திருத்தத்தையும், அதாவது பேட்ச்சையும், அனுப்பினார். நல்ல எண்ணத்தில் கேட்டார், நல்ல எண்ணத்தில் சேர்த்தார்கள். எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

2021 டிசம்பரில் பூதம் வெளியே வந்தது. குறிப்பிட்ட வடிவத்தில் ஒரே ஒரு வரியை எழுதி ஒரு சர்வருக்கு அனுப்பினால் போதும். அதைக் குறித்துவைக்கப் போகும் சர்வர், தாக்குகிறவனுடைய கணினியிலிருந்து நிரலைத் தானாகவே இறக்கி ஓட்டிவிடும். மைன்கிராஃப்ட் விளையாட்டின் சாட்டில் ஒரு வரி தட்டியே சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. ஆபத்தை அளக்கும் அளவுகோலில் 10-க்கு 10. அந்த மாதம் மட்டும் 2.15, 2.16, 2.17 என்று அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன. தூங்காமல் அவற்றை எழுதியவர்கள் சம்பளம் வாங்காத சில பேர். அவர்களில் ஒருவர் பொதுவில் மனம் நொந்து சொன்னார்: அந்த வசதி எங்களுக்கே பிடிக்காது, பழைய பயனர்களுக்கு எதுவும் உடையக் கூடாது என்பதற்காகத்தான் விட்டுவைத்தோம், காசு வாங்காத வேலைக்கு இப்போது வசவு வாங்குகிறோம் என்று.

உங்கள் முப்பது வரி அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆகாது என்று அவர்தான் உறுதி கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் தயங்குகிறார்.

கே: யாருடைய கோடும் வேண்டாம் என்று சொல்லும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் உண்டா?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

ப: உண்டு. எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள். உங்கள் கைபேசியில் இந்த நொடி ஓடிக்கொண்டிருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் தொடங்கினார். நிரலைப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார், யாரும் எப்படியும் பயன்படுத்தலாம். ஆனால் வெளியாட்களிடமிருந்து நிரல் வாங்கிச் சேர்ப்பதில்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2050 வரை பராமரிப்போம் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு நீண்ட வாக்கைக் காப்பாற்ற நினைக்கிறவர்கள் வாசலைக் குறுக்கிக்கொள்வதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

கே: சும்மா கேட்டால் யாரும் செய்வதில்லை. நாலு பேர் சேர்ந்து அழுத்தம் கொடுத்தால்தான் வேலை நடக்கிறது. இதில் என்ன தவறு?
— சிஸ்டம் அட்மின், கோயம்புத்தூர்

ப: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்கிறேன். நாலு பேர் சேர்ந்து அழுத்தம் கொடுத்து நடந்த ஒரு வேலையிலிருந்து உலகம் மயிரிழையில் தப்பியிருக்கிறது.

எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் பல வருடங்களாகத் தனி ஆளாகப் பராமரித்துவந்தார். சம்பளம் கிடையாது. 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். நல்ல திருத்தங்கள், பொறுமையான ஆள். 2022-இல், அதுவரை யாரும் பார்த்திராத சில பெயர்கள் முளைத்தன. பேட்ச்சுகள் ஏன் இத்தனை தாமதம், உங்களுக்கு ஆர்வம் போய்விட்டதா, முடியாவிட்டால் வேறொருவரிடம் கொடுங்கள் என்று மாற்றி மாற்றி நச்சரித்தன. நீண்ட நாளாக மனநலப் பிரச்சினையால் அவதிப்படுவதாகவும், இது காசு வாங்காமல் செய்யும் பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்றும் காலின் பதில் எழுதினார். அதைப் படித்த பிறகும் அந்தப் பெயர்கள் விடவில்லை. கடைசியில் ஜியா டானுக்குப் பொறுப்பில் பங்கு கிடைத்தது.

2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஜியா டான் ஒரு கள்ள வாசலை ஒளித்து வைத்திருந்தார். சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையப் பயன்படும் எஸ்எஸ்எச்-ஐ உள்ளிருந்தே திறக்கும் வாசல் அது. மைக்ரோசாஃப்டில் வேலை செய்யும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தொடர்பான சோதனை ஒன்றின்போது எஸ்எஸ்எச் நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உண்மையை வெளியிட்டார். டெபியன், ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகளுக்குள் அது ஏற்கனவே நுழைந்திருந்தது. இன்னும் சில வாரம் போயிருந்தால் உலகத்தின் சர்வர் அறைகளுக்குள்ளும் போயிருக்கும்.

ஜியா டான் யார் என்பது வெளிவரவே இல்லை. நச்சரித்த பெயர்களும் அந்தச் சதியின் பகுதி என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். இதில் என்னைத் தூங்க விடாத விஷயம் ஒன்று. அந்தப் போலிப் பெயர்கள் எழுதியது யாருக்கும் விசித்திரமாகவே படவில்லை. உண்மையான பயனர்கள் தினமும் எழுதுவதும் அதே தொனியில்தானே? களைத்துப்போன ஒரு மனிதரை விரட்டினால் அவர் தோள் மாற்றிக்கொள்ளத் தேடுவார், கை நீட்டுகிறவர் யாரென்று பார்க்கும் தெம்பு அவரிடம் இருக்காது என்று சதிகாரர்களுக்குத் தெரிந்திருந்தது. காலின் திரும்பி வந்து எல்லாவற்றையும் சுத்தம் செய்து, 2024 மே மாத இறுதியில் 5.6.2 பதிப்பை வெளியிட்டார். அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

கே: அப்படியானால் பயனருக்கு எந்த உரிமையும் இல்லை என்கிறீர்களா?
— வழக்கறிஞர், திருச்சி

ப: இருக்கிறது. உங்கள் துறையின் மொழியில் சொன்னால், உரிமத்தில் எழுதியிருக்கும் உரிமைகள்: பயன்படுத்த, படிக்க, மாற்ற, பகிர. அதே உரிமத்தில் 'உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல்' என்றும் இருக்கிறது. வேலை வாங்கும் உரிமை மட்டும் அதில் இல்லை.

எதிர்த்துப் பேசும் உரிமை? அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒலிப்பதிவு செய்யும் ஆடாசிட்டியை 2021-இல் மியூஸ் குழுமம் வாங்கியது. வாங்கிய சில வாரங்களில், பயனர்களின் பயன்பாட்டு விவரங்களைச் சேகரித்து அனுப்பும் ஏற்பாட்டைச் சேர்க்க முன்மொழிந்தார்கள். பயனர்கள் பொங்கி எழுந்தார்கள், அந்த முன்மொழிவைக் கைவிட்டார்கள். வசதி வேண்டும் என்று அதட்டுவது வேறு, என் அந்தரங்கத்தில் கை வைக்காதே என்று தடுப்பது வேறு.

கே: 'என் பேட்ச்சை ஏற்காவிட்டால் ஃபோர்க் செய்துவிடுவேன்' என்று சொல்லிவிட்டேன். சரிதானே?
— டெவலப்பர், பெங்களூரு

ப: செய்யுங்கள். நிரலைப் பிரதியெடுத்துத் தனியாக வளர்ப்பது உங்கள் உரிமை. மிரட்டலாகச் சொல்வதுதான் அழகில்லை.

நல்ல ஃபோர்க்குக்கு, நிரல் எழுத உதவும் விம் எடிட்டரின் கதையைச் சொல்கிறேன். பிராம் மூலெனார் 1991-இல் வெளியிட்டு, 2023 ஆகஸ்டில் இறக்கும்வரை கண்ணாகப் பார்த்துக்கொண்ட மென்பொருள். மென்பொருளுக்கு விலை வேண்டாம், பிடித்திருந்தால் உகாண்டாவில் கிபாலே என்ற இடத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றார். பணம் கொடுத்து ஆதரித்தவர்கள் அடுத்து என்ன வசதி வேண்டும் என்று வாக்களிக்கவும் வழி வைத்திருந்தார். பயனர் யோசனைக்கு இதைவிடக் கண்ணியமான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பெரிய மாற்றங்களைத் தொட அவர் தயங்குவார். பிரேசிலைச் சேர்ந்த தியாகோ டி அருடா, பின்னணியில் வேறு வேலைகளை ஓட்டிக்கொண்டே எழுத வழி செய்யும் பேட்ச்சை அனுப்பினார். ஏற்கவில்லை. அருடா சண்டையிட்டுக் காலத்தை வீணாக்காமல் 2014-இல் நியோவிம் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து வந்த விம் 8-இல் அந்தப் பின்னணி வசதி இருந்தது. இன்றைக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. பயனருக்கு இரட்டை லாபம்.

மறுபக்கமும் உண்டு. படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் பெயர் ஆங்கிலத்தில் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துகிறது, மாற்றுங்கள் என்று பலர் கேட்டார்கள். மாற்றவில்லை. 2019-இல் 'கிளிம்ப்ஸ்' என்று ஒரு ஃபோர்க் பிறந்தது. 2021-இல் கைகள் போதாமல் நின்றது. கேட்டதில் நியாயம் இருந்தது, தொடர்ந்து வேலை செய்யத்தான் ஆள் இல்லை. ஃபோர்க் பொத்தானை அழுத்தும்போது நீங்களே மெயின்டெய்னர் ஆகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

கே: பயனர் சொன்னது ஜெயித்த கதை ஒன்று சொல்லுங்களேன்.
— அனிமேஷன் கலைஞர், வடபழனி

ப: உங்கள் கையில் இருக்கும் பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள்தான். பொருளைத் தேர்ந்தெடுக்க உலகமே மவுஸின் இடது பொத்தானை அழுத்தியபோது, பிளெண்டர் வலது பொத்தானைக் கேட்டது. புதிதாக வந்தவர்கள் வருடக்கணக்கில் முறையிட்டார்கள். பழகியவர்கள், இதில் காரணம் இருக்கிறது, கை வைக்காதீர்கள் என்றார்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பில் இடது பொத்தான் இயல்பானது. வலது வேண்டும் என்பவர்களுக்கு அதுவும் அப்படியே இருக்கிறது. கூடவே முழு முகப்பையும் புதிதாக அமைத்தார்கள். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்ற லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் உருவானது.

அந்த மென்பொருளே பயனர்கள் மீட்டெடுத்ததுதான். 2002-இல் அதை வைத்திருந்த நிறுவனம் மூடியபோது, 1 லட்சம் யூரோ கொடுத்தால் நிரலைத் திறந்து விடலாம் என்று அதை உருவாக்கிய டோன் ரோசெண்டால் வேண்டுகோள் விடுத்தார். ஏழு வாரத்தில் பணம் சேர்ந்தது.

கே: எங்கள் கம்பெனி பணம் கொடுக்கத் தயார். கொடுத்தால் கேட்டதைச் செய்து கொடுப்பார்களா?
— தொழில்முனைவர், ஓசூர்

ப: தயார் என்று சொன்னதற்கே உங்களுக்கு வணக்கம். பல பெரிய கம்பெனிகள் அந்த இடத்துக்கே வரவில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க், இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் மென்பொருளின் தலைவர். லாக்4ஜே கலவரம் ஓய்வதற்குள், 2022 ஜனவரியில், ஒரு மாபெரும் அமெரிக்க நிறுவனத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. உங்கள் மென்பொருளில் லாக்4ஜே உண்டா என்று தொடங்கி வரிசையாகக் கேள்விகள், 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம். அவர்களுக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. கர்ல் ஜாவாவிலும் எழுதப்படவில்லை. ஆதரவு ஒப்பந்தம் போட்டதும் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார். கண்ணியமான, சரியான பதில்.

வீடியோக்களைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் குழுவிடம் 2024-இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர், தங்கள் டீம்ஸ் செயலிக்கு அவசரம் என்று ஒரு குறையைத் தீர்த்துத் தரக் கேட்டார். நீண்ட கால ஆதரவு ஒப்பந்தம் போடுங்கள் என்று குழு கேட்டபோது, ஒருமுறை சில ஆயிரம் டாலர் தருவதாகச் சொன்னார்கள். குழு இதை வெளியில் சொல்லிவிட்டது. நன்றாகச் செய்தார்கள்.

உங்களுக்கு என் யோசனை: ஒரு வசதிக்கு ஒருமுறை விலை பேசாதீர்கள். வருடா வருடம் ஒரு தொகை என்று வையுங்கள், அல்லது உங்கள் ஊழியர் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் அந்த மென்பொருளின் வேலைக்கு விடுங்கள். இரண்டாவது வழியில் உங்கள் கம்பெனிக்குள்ளேயே அதை அறிந்த ஒருவர் உருவாகிவிடுவார்.

கே: மெயின்டெய்னர்கள் எல்லாம் முசுடுகள் என்கிறார்களே?
— மாணவர், காரைக்குடி

ப: சிலர் அப்படித்தான். டோர்வால்ட்ஸே பல வருடம் கடுஞ்சொல்லுக்குப் பெயர் போனவர். 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, சில வாரம் விலகியிருந்து, திரும்பி வந்தார். ஆனால் அதே மனிதர்தான், கெர்னலில் என்ன மாற்றினாலும் பயனரின் புரோகிராம் உடையக் கூடாது என்ற விதியை ஒருவருக்கும் தளர்த்தாதவர். நாக்கில் இல்லாத மரியாதை நிரலில் இருந்தது. நாக்கிலும் வேண்டும் என்பதே என் கட்சி.

கே: வேலை தேடும்போது காட்ட, கிட்ஹப்பில் நாலு புல் ரிக்வெஸ்ட் இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே அனுப்பலாம்?
— பொறியியல் மாணவர், சேலம்

ப: தம்பி, 'எங்கே அனுப்பலாம்' என்று ஆரம்பிக்காதீர்கள். புல் ரிக்வெஸ்ட் என்பது 'என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று மெயின்டெய்னரிடம் வைக்கும் கோரிக்கை. 2020 அக்டோபரில், நாலு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்ற ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சிக்காக, 'அருமையான ப்ராஜெக்ட்' என்று இரண்டு சொல்லைச் சேர்த்தே குவித்தார்கள். அந்த வெள்ளத்தில் நம் நாட்டிலிருந்து போனது நிறைய. மெயின்டெய்னர்கள் முறையிட்டதும், விரும்பிச் சேரும் ப்ராஜெக்ட்டுகளுக்கு மட்டும் என்று விதியை மாற்றினார்கள். 2024-இல் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்ட்டில், ஒரு பயிற்சி வீடியோவைப் பார்த்த இந்திய மாணவர்கள் அறிமுகக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்த்து வரிசையாக அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் திறந்து மூட ஒரு மனிதர் உட்கார வேண்டியிருந்தது.

நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை எடுங்கள். அதில் திறந்து கிடக்கும் பழைய பக் ரிப்போர்ட்டுகளைப் படியுங்கள். அந்தக் குறை உங்கள் கணினியிலும் வருகிறதா என்று சோதித்து, எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் வரவில்லை என்று எழுதுங்கள். ஆறு மாதம் இதைச் செய்தால் மெயின்டெய்னர் உங்கள் பெயரைத் தெரிந்துவைத்திருப்பார். நேர்முகத் தேர்வில் பேச நிஜமான விஷயமும் இருக்கும்.

கே: ஏஐ கருவியைக் கொண்டு ஒரு பாதுகாப்புக் குறையைக் கண்டுபிடித்து அனுப்பினேன். நன்றி சொல்லாமல் சீறுகிறார்கள்!
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், சென்னை

ப: நீங்கள் கண்டுபிடித்தீர்களா, கருவி சொன்னதை அப்படியே அனுப்பினீர்களா? கர்ல் குழு 2019 முதல் பாதுகாப்புக் குறை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு கொடுத்துவந்தது. ஏஐ எழுதிய, பார்க்க அழகான, உள்ளே ஒன்றுமில்லாத அறிக்கைகள் குவிந்து, 2026 ஜனவரியோடு பரிசை நிறுத்தியது. அதே கர்ல் குழு, 2025-இல் ஒருவர் ஏஐ கருவிகளால் கண்டுபிடித்துத் தந்த நீண்ட பட்டியலை மனதாரப் பாராட்டி, குறைகளைத் திருத்தியும் இருக்கிறது. அதில் இருந்தவை உண்மையான குறைகள். கருவி எதுவாகவும் இருக்கட்டும், அனுப்பும் முன் நீங்களே ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கே: முரண்பாடு வந்தால் கடைசி முடிவு யாருடையது?
— நூலகர், புதுச்சேரி

ப: ப்ராஜெக்ட்டுக்கு ப்ராஜெக்ட் மாறும். பைத்தான் மொழியில் அதை உருவாக்கிய கைடோ வான் ராஸமுடையதாக இருந்தது. ஒரு சின்ன இலக்கணச் சேர்க்கையை, ஒரு மதிப்புக்குப் பெயர் வைப்பதையும் அந்த மதிப்பைப் பயன்படுத்துவதையும் ஒரே இடத்தில் செய்ய விடும் குறியை, அவர் ஏற்றுக்கொண்டார். அதற்கு வந்த எதிர்ப்பில் மனம் வெறுத்து 2018 ஜூலையில் பதவியை விட்டார். இப்போது ஐந்து பேர் கொண்ட குழு முடிவெடுக்கிறது. குழு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கிட்டத்தட்ட முப்பது வருடம் கொடுத்த ஒருவரை இரண்டு எழுத்துக் குறிக்காகக் களைப்படைய வைத்தது எனக்கு இன்றும் வருத்தம்.

கே: லிப்ரே ஆபீஸில் ஒரு ஃபான்ட்டில் மட்டும் தமிழ் எழுத்து உடைந்து வருகிறது. யாரிடம் சொல்வது? ஆங்கிலத்தில் எழுதவும் தயக்கம்.
— அச்சக உரிமையாளர், சிவகாசி

ப: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இப்படிப்பட்டதை நாம் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

'கொ' என்று தட்டினால் கணினிக்குள் 'க' முதலில் இருக்கும், கொம்பும் காலும் சேர்ந்த குறி அடுத்து இருக்கும். திரையில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இப்படி இடம் மாற்றி அடுக்குவது ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் நூலகத்தின் வேலை. லிப்ரே ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாம் இதைத்தான் நம்பியிருக்கின்றன. எனவே குறை மூன்று இடத்தில் இருக்கலாம்: ஃபான்ட்டில், ஹார்ஃப்பஸில், லிப்ரே ஆபீஸில். நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே வரியை வேறு ஃபான்ட்டில் பாருங்கள். பிறகு அதே ஃபான்ட்டில் ஃபயர்ஃபாக்ஸில் பாருங்கள். மற்ற ஃபான்ட்டெல்லாம் சரி, இது மட்டும் எல்லா இடத்திலும் உடைகிறது என்றால் ஃபான்ட் செய்தவரிடம் போங்கள். ஃபயர்ஃபாக்ஸில் சரியாக வந்து லிப்ரே ஆபீஸில் மட்டும் உடைந்தால் அவர்களிடம் போங்கள்.

எழுதும்போது பதிப்பு எண், ஃபான்ட்டின் பெயர், விண்டோஸா லினக்ஸா என்பது மூன்றும் அவசியம். உடைந்த படத்தோடு, சரியாக வந்தால் எப்படி இருக்கும் என்ற படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் படிக்கப் போகிறவருக்குத் தமிழ் தெரியாது, எது உடைந்தது என்று அவர் கண்ணுக்குப் புலப்படாது. படத்தோடு நிற்காமல் அந்த எழுத்துகளையே தட்டியும் அனுப்புங்கள். உதாரணத்துக்கு, 'ஸ்ரீ' கணினியில் இரண்டு விதமாகக் குறிக்கப்படுகிறது, படத்தைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் நாலு எளிய வாக்கியம் போதும். துணை வேண்டுமானால் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, கணியம் போன்ற இடங்களில் தமிழிலேயே கேட்கலாம். ஒரு சிவகாசி அச்சகம் எழுதும் நல்ல பக் ரிப்போர்ட் தமிழில் தட்டுகிற எல்லோருக்கும் பயன்படும்.

கே: நான் புரோகிராமர் இல்லை. விஎல்சியில் பழைய படம் பார்ப்பதோடு சரி. என்னால் என்ன செய்ய முடியும்?
— ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், நாகர்கோவில்

ப: ஐயா, பாரிஸில் மாணவர்கள் தொடங்கியது விஎல்சி. விளம்பரங்களைச் சேர்த்துக்கொண்டால் கோடிக்கணக்கில் தருகிறோம் என்று வந்தவர்களை, அதை முன்னின்று நடத்தும் ஜான்-பாப்டிஸ்ட் கெம்ப் மறுத்து அனுப்பினார். அதனால்தான் உங்கள் பழைய படத்துக்கு நடுவே இன்றும் விளம்பரம் வருவதில்லை. அதை நடத்தும் வீடியோலேன் லாப நோக்கமற்ற அமைப்பு, நன்கொடை வாங்குகிறது. முடிந்ததைக் கொடுங்கள். முடியாவிட்டால், எந்த ஊரிலிருந்து எத்தனை வருடமாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று நாலு வரி நன்றி எழுதி அனுப்புங்கள். குறைகளை மட்டுமே படித்துப் பழகியவர்களுக்கு அந்தக் கடிதம் அபூர்வம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இதே வேண்டுகோள்: இந்த வாரத்துக்குள் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்து, எதுவும் கேட்காமல் ஒரு கடிதம் எழுதுங்கள்.